மருத்துவமனை வாசலில் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருவிழாவுக்குச் சென்று விருத்தாசலம் திரும்பும் பேருந்தில், உறவினர் ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னார். "இனிமே சிஸ்டருங்க ஆஸ்பத்திரி எதுக்கும்மா? ஏழைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. 108-க்கு போன் பண்ணினா வண்டி வருது. காப்பீட்டு அட்டை இருக்கு. பணக்காரனுக்குப் பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. மிஷன் ஆஸ்பத்திரி காலம் முடிஞ்சுபோச்சு."

பேருந்தில் இருந்த பலரும் தலையாட்டினர். எனக்கும் அப்போது பதில் தோன்றவில்லை. ஆயினும் அந்தச் சொல் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது உண்மைதானா? கன்னியர் நடத்தும் மருத்துவமனைகளின் வேலை முடிந்துவிட்டதா? இதற்கு விடை காண, அவை எப்படித் தொடங்கின என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எண்ணினேன். நான் படித்தறிந்ததையும், எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும், அவற்றிலிருந்து நான் கொண்ட முடிவையும் தோழியர் முன் வைக்கிறேன்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் விருத்தாசலமும் திண்டிவனமும் அக்காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1890-ஆம் ஆண்டையொட்டி, திண்டிவனத்து மிஷன் பங்களாவில் ஓர் இளம்பெண் இருந்தார். அவர் பெயர் ஐடா ஸ்கடர். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, தந்தை என்று பரம்பரையே மருத்துவ ஊழியர்கள். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையில் விருப்பமே இல்லை. அமெரிக்கா திரும்பி வசதியாக வாழவே எண்ணினார்.

ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவர் வீட்டிலும் மனைவியர் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். "என் தந்தை மருத்துவர். அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண்மகன் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு மூவரும் ஒப்பவில்லை. "நீங்கள் வாருங்கள்" என்றனர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அந்த இரவு அவர் வாழ்க்கையை மாற்றியது. அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவம், 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாயிற்று. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அதுவே இன்று உலகம் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. நம் ஊரில் "வேலூருக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லாத வீடு உண்டா?

தோழியரே, அந்த மூன்று பெண்களும் மருந்து இல்லாமல் இறக்கவில்லை. மருத்துவர் அடுத்த அறையில்தான் இருந்தார். மருத்துவத்துக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கதவு மூடியிருந்தது. அந்தக் கதவைத் திறக்கக் கூடியவர் ஒருவரும் இல்லை. அதனாலேயே இறந்தனர்.

குண்டூரில் ஒரு கன்னி மருத்துவர்

ஐடா ஸ்கடர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். நம் திருச்சபையில் அக்காலத்தில் வேறொரு கதவும் மூடியிருந்தது. துறவறக் கன்னியர் நோயாளிகளைக் கவனிக்கலாம். ஆனால் மருத்துவராகத் தொழில் செய்யவும், பிரசவம் பார்க்கவும் திருச்சபை விதிகளும் வழக்கமும் இடந்தரவில்லை. இந்தியப் பெண்களோ ஆண் மருத்துவரிடம் வரமாட்டார்கள். அப்படியானால் அவர்களுக்கு யார்தான் மருத்துவம் செய்வது?

இந்தக் கேள்வியை உரோமையில் சென்று கேட்டவர் ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. 1837-இல் பிறந்து, பிரான்சு நாட்டில் மருத்துவம் பயின்றவர். முதுமையை நெருங்கும் வயதில் கத்தோலிக்கரானவர். எழுபது வயதைக் கடந்த பின்னரும் கடல் கடந்து வந்து, இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவமனை அமையக் காரணமாக இருந்தார். கன்னியர் மருத்துவராக அனுமதி வேண்டித் திருச்சபைத் தலைமையிடம் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1913-இல் அவர் இறந்தபோது அனுமதி கிடைத்திருக்கவில்லை. ஆனால் அவர் விதைத்த விதை வீண்போகவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மேரி குளோரி என்ற பெண் மருத்துவர் இருந்தார். நல்ல வருமானமும் பெரும் மதிப்பும் பெற்றிருந்தார். 1915-இல் ஆக்னஸ் மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. இந்தியத் தாய்மாரும் சேய்களும் படும் துயரத்தை அதில் படித்தார். தம் அழைப்பு இதுவே என உணர்ந்தார். மகப்பேறு, கண் மருத்துவம் ஆகியவற்றில் உயர்பட்டம் பெற்று, 1920-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆந்திர நாட்டுக் குண்டூருக்கு வந்து சேர்ந்தார். இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, திரு இருதய மரியம்மாள் என்ற பொருள்படும் துறவறப் பெயரை ஏற்றார். பதினைந்தாம் பெனடிக்ட் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்று, கன்னியாகவும் மருத்துவராகவும் பணியாற்றினார்.

அவர் கையில் முதலில் இருந்தது ஒரு சிறு மருந்தகமே. அது புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. அவர் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைப் பார்த்தார். நம் நாட்டு மூலிகை வைத்தியத்தையும் கற்றுக்கொள்ள முனைந்தார். உள்ளூர்ப் பெண்களுக்கே செவிலியர் வேலையும், மருந்து கலக்கும் வேலையும், பிரசவம் பார்க்கும் முறையும் கற்பித்தார். தம் காலத்துக்குப் பிறகும் வேலை நடக்க வேண்டும் என்ற நோக்கு அதில் தெரிகிறது அல்லவா?

இதற்கிடையில் 1925-இல், ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவர் அன்னா டெங்கல், மருத்துவப் பணிக்கென்றே ஒரு கன்னியர் அமைப்பைத் தொடங்கினார். அவரும் இராவல்பிண்டியில் பணியாற்றி வந்தவரே. 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, கன்னியர் மகப்பேறு உள்ளிட்ட எல்லா மருத்துவப் பணிகளையும் செய்யலாம் என்று உரோமை அறிவித்தது. மெக்லாரன் அம்மையார் இறந்து 23 ஆண்டுகள் கழித்துக் கதவு திறந்தது!

சாவடிக்காரரும் வேண்டும்

நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கி, காயங்களைக் கட்டினான் என்பதோடு நம்மில் பலர் கதையை முடித்துவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை. அவன் அந்த மனிதனைச் சாவடிக்குக் கொண்டு சென்றான். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சாவடிக்காரரிடம் சொல்லிச் சென்றான். ஒரு நாள் இரக்கம் போதாது. நாளும் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். செலவுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். நம்பிக்கையான கூட்டாளிகள் வேண்டும்.

சகோதரி மேரி குளோரி இதை நன்கு உணர்ந்தவர். நாடெங்கும் கன்னியர் நடத்திய மருந்தகங்கள் தனித்தனியே கிடந்தன. ஓரிடத்தில் மருந்து இருக்கும், ஆள் இருக்காது. மற்றோரிடத்தில் ஆள் இருப்பார், பயிற்சி இருக்காது. எனவே 1943-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், 16 கன்னியர் சேர்ந்து குண்டூரில் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கினர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

அந்தச் சங்கம் இன்று செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, சுமார் 3,500 உறுப்பு நிறுவனங்களுடன் இயங்குகிறது. அவற்றுள் பெரும்பாலானவை கிராமப்புறத்துச் சிறிய நலவாழ்வு நிலையங்களே. கன்னியர் மருத்துவர்களுக்கென்று தனி மன்றமே உள்ளது. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற அவருடைய கனவு, 1957-இல் அவர் இறந்த பிறகு, 1963-இல் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியாக நிறைவேறியது. 2013-இல் திருச்சபை அவரை "இறை ஊழியர்" என அறிவித்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அச்சங்கம் பின்னாளில் தன் பெயரில் இருந்த "மருத்துவமனை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "நலவாழ்வு" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் நம் வேலை கட்டடத்துக்குள் முடிவதில்லை என்று அது உலகுக்குச் சொன்னது.

காலம் மாறிவிட்டதே!

இப்போது பேருந்தில் பேசிய உறவினரின் கருத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அதை நாம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டிவனத்தில் மூன்று தாய்மார் இறந்த அதே தமிழ்நாட்டில், 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. 2021-இல் "மக்களைத் தேடி மருத்துவம்" வந்தது. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஐடா ஸ்கடர் கண்டு கண்ணீர் விட்ட கதவு இன்று அகலத் திறந்திருக்கிறது. இது அரசின் சாதனை, செவிலியர்களின் உழைப்பு.

வேறு நியாயங்களும் உண்டு. கன்னியராகச் சேரும் பெண்கள் குறைந்துவிட்டனர். பழைய சகோதரிகளுக்கு வயதாகிவிட்டது. மருத்துவமனை நடத்துவதற்கான சட்டதிட்டங்கள் பெருகிவிட்டன. மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாவதில்லை. வேதாகமப் பெயரையும் சிலுவையையும் முகப்பில் வைத்துக்கொண்டு, முன்பணம் கட்டினால்தான் உள்ளே வரலாம் என்று சொல்லும் இடங்களும் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட இடம் மூடப்பட்டால் ஏழைக்கு என்ன நட்டம்? எதுவும் இல்லை. இதைச் சொல்ல நாம் வெட்கப்படலாம், மறைக்கக் கூடாது.

ஆனால் கதவுகள் எல்லாமே திறந்துவிட்டனவா? ஒரு கதவு திறந்தால் வேறொன்று எங்கோ மூடியிருக்கும். ஒரு காலத்தில் தொழுநோயாளியைப் பெற்ற வீடே சேர்க்கவில்லை. அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்டு மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். சேத்துப்பட்டில் கன்னியர் தொழுநோயாளிகளின் புண்களைக் கழுவினர். 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. அதன்பின் குடும்பங்கள் வெளியே தள்ளிய நோயாளிகளுக்கு இடம் கொடுத்த இல்லங்களில் கன்னியர் இல்லங்கள் பல. இன்று கதவு யாருக்கு மூடியிருக்கிறது? விடை தேடித் தொலைவு போக வேண்டாம். நம் ஊரிலேயே இருக்கிறது.

நம் ஊர்ப் புழுதி

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். நம் தொழிற்பேட்டையில் செய்யும் பொம்மைகளும் விளக்குகளும் மின்சாரப் பீங்கான்களும் எங்கெங்கோ போகின்றன. நம்மில் பலர் அந்தச் சூளைகளின் சோற்றில் வளர்ந்தவர்கள்தாம். நானும் அப்படியே.

என் பெரியப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தார். கல்லும் களிமண்ணும் அரைக்கும் இடத்தில் அவருக்கு வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவம் வெளுத்திருக்கும். நாங்கள் சிறுவயதில் "தாத்தா வந்துட்டாரு" என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். பிறகு இருமல் வந்தது. ஓரிடத்தில் டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. வேறோரிடத்தில் மறுபடியும் அதே மாத்திரை. மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ சீட்டு, எத்தனையோ ஊசி!

ஒருநாள் அக்கா அவரைப் பக்கத்துக் கிராமத்தில் கன்னியர் நடத்திய ஒரு சிறு டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனாள். அங்கே மருத்துவர் கூட இல்லை. வயதான செவிலியச் சகோதரி ஒருவர்தான் இருந்தார். பெரியப்பாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஐயா, நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"செராமிக் கம்பெனியில சிஸ்டர். கல் அரைக்கிற எடத்துல."

"எத்தனை வருசமா?"

அவ்வளவுதான். அந்த இரண்டு கேள்விகளை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சகோதரி ஒரு கடிதம் எழுதி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். கல் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் என்று அங்கே சொன்னார்கள்.

இந்நோயைப் பற்றி நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும். குவார்ட்ஸ் கல்லிலும் களிமண்ணிலும் சிலிகா என்னும் பொருள் உண்டு. காய்ந்த நிலையில் அரைக்கும்போதும், தேய்க்கும்போதும், பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மூச்சோடு உள்ளே போகின்றன. நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகிறது. நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். படிந்த தழும்பை நீக்க மருந்து இல்லை. இந்நோய் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். அதனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவதும் உண்டு. ஆனால் வராமல் தடுக்க முடியும். தண்ணீர் தெளித்து வேலை செய்தல், தூசியை உறிஞ்சும் கருவி, தகுந்த முகக்கவசம் ஆகியவை போதும். முகத்தில் கட்டும் துண்டு போதாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இதை மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருந்து என்ன பயன்? நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால்தானே எதை அறிவிப்பது என்று தெரியும்!

இத்தாலியில் பெர்னார்டினோ ரமாசினி என்ற மருத்துவர் 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் குயவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை கூறினார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் என் பெரியப்பாவிடம் அதைக் கேட்க ஒரு கிழவிச் சகோதரிதான் வேண்டியிருந்தது.

பெரியப்பா பிழைத்திருக்கிறார். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். அவரோடு வேலை செய்த நால்வர் அவர் சொல்லித்தான் போய்ப் படம் எடுத்துக்கொண்டனர். ஆனால் அந்த டிஸ்பென்சரி? சகோதரிக்கு முடியாமல் போனதும் அதை மூடிவிட்டார்கள். வாசலில் பூட்டு தொங்குகிறது. கேட்டைச் சுற்றி வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது.

என் முடிவு

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து கொடுப்பவன். அரசும் தனியாரும் தீர்ப்பவனையும் மருந்தையும் இன்று நிறையத் தர முடிகிறது. அருகிலிருப்பவர்தான் குறைந்துபோனார். அருகில் உட்கார்பவருக்கே கேள்வி கேட்க நேரம் இருக்கும். கன்னியர் மருத்துவமனைகளின் பணி அந்த நான்காம் இடத்தைக் காப்பதே என்பது என் துணிபு. படுக்கைகளின் எண்ணிக்கையிலும் இயந்திரங்களின் விலையிலும் மற்றவரோடு போட்டியிடப் புகுந்தால், நாம் தோற்போம். அல்லது வென்று, நாமும் அவர்களைப் போலவே ஆகிவிடுவோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, திருச்சபைப் பெரியோர்க்கு. சிறிய மருந்தகங்களை இலாப நட்டக் கணக்குப் பார்த்து மூடாதீர்கள். கன்னியர் இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற இல்லறப் பெண்களிடம் ஒப்படையுங்கள். பெரிய மருத்துவமனையின் வருவாயில் ஒரு பங்கு சிறியதற்குப் போகட்டும். சமாரியன் கொடுத்த இரண்டு தெனாரியம் அதற்குத்தானே! குண்டூரில் உள்ளூர்ப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வழி இன்றும் அடைந்துவிடவில்லை.

இரண்டாவது, மருத்துவம் செய்வோர் யாவர்க்கும். அரசு, தனியார், மிஷன் என்ற வேறுபாடின்றி, நம் வட்டாரத்தில் இருமலோடு வரும் ஒவ்வொருவரிடமும் தொழில் என்ன என்று கேளுங்கள். நோயாளிச் சீட்டில் பெயர், வயதுக்கு அடுத்த வரி அதுவாக இருக்கட்டும். இதற்குப் பணம் தேவையில்லை.

மூன்றாவது, தோழியராகிய உங்களுக்கும் எனக்கும். இந்த வரலாற்றில் வரும் ஐடா, ஆக்னஸ், மேரி, அன்னா எல்லோரும் பெண்கள். பெண்களுக்குத் திறக்காத கதவைப் பெண்களே தட்டித் திறந்தார்கள். நம்மில் சிலர் மருத்துவராகலாம், பலர் செவிலியராகலாம், சிலரை இறைவன் துறவறத்துக்கு அழைக்கலாம். எதுவும் ஆகாவிட்டாலும், தந்தைக்கும் அண்ணனுக்கும் கம்பெனியில் தண்ணீர் தெளிக்கிறார்களா, கவசம் தருகிறார்களா என்று இன்று மாலையே கேட்கலாம் அல்லவா?

நான் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்துள்ளேன். "டாக்டருக்குப் படிக்க மார்க் இல்லையா?" என்று கேட்பவர் உண்டு. பெரியப்பாவிடம் கேட்டேன். கடையில் மிட்டாய்ப் புட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "படிம்மா. ஆனா ஒண்ணு. வர்றவங்கள மொதல்ல ஒக்கார வை. அந்த சிஸ்டர் அதத்தான் மொதல்ல செஞ்சாங்க."

பேருந்தில் பேசிய அந்த உறவினரை அடுத்த திருவிழாவில் பார்ப்பேன். அன்று சொல்ல முடியாத பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. பூட்டிய அந்த டிஸ்பென்சரி வாசலுக்கு அவரை ஒருமுறை அழைத்துச் செல்வேன்.